தபால்தலை சைஸில் ஒரு ஜன்னல்!

நாளைக்குக் காலையில் சி லேப் மாடல் எக்ஸாம். மணி ராத்திரி பதினொன்றரை. ஹாஸ்டலில் பாதிப் பேர் ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் கொஞ்சம் மனசாட்சி உள்ள ஆள். 'ஒரு தடவையாவது ரன் பண்ணிப் பார்த்துடலாம்'னு லேப்டாப்பைத் திறந்து டர்போ சி ஐகானைத் தட்டுகிறீர்கள்.

வருதுங்க ஒரு ஜன்னல்! பெரிய திரையில் தபால்தலை ஒட்டின மாதிரி. நீல பேக்ரவுண்டில் மஞ்சள் எறும்பு ஊர்வது போல எழுத்து. செமிகோலனா, கோலனா? கண்ணை இடுக்கினால்தான் தெரியும். மூலையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நகர மாட்டேன் என்கிறது. மேக்ஸிமைஸ் பட்டன் மங்கலாகிக் கிடக்கிறது. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் திரை முழுக்க நிற்கிறது. ஆனால் பக்கத்தில் திறந்து வைத்த லேப் மேனுவல் மறைந்துபோகிறது.

சீனியரைக் கேட்டால் ஒரே பதில்: "அது அப்படித்தான்டா!"

இல்லை பாஸ். அது அப்படி இல்லை. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு நாலு வருஷம் கண்ணை இடுக்கியே ஓட்டியவர்கள் ஏராளம். 'நமக்குத்தான் கண்ணு போச்சு போல', 'நம்ம லேப்டாப் மொக்கை போல' என்று தன்னையே நொந்துகொண்டவர்களும் உண்டு. பிரச்னை கண்ணிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், ரெண்டே ரெண்டு வரியில் இருக்கிறது. வாங்க, பிரிச்சு மேயலாம்.

யார் வீட்டு ஜன்னல் இது?

முதல் விஷயம். நீங்கள் பார்ப்பது டர்போ சி-யின் ஜன்னல் இல்லை. அது டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேரின் ஜன்னல். டர்போ சி அதற்குள் வாடகைக்குக் குடியிருக்கிறது.

ஏன் இந்த வாடகை வீடு? டர்போ சி++ 3.0 வந்தது 1990-களின் தொடக்கத்தில். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல்தான். அதாவது உங்கள் கம்பைலர் அந்தத் தரநிலைக்கே அண்ணன்! அது டாஸ் காலத்து 16 பிட் சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை இயக்காது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, பழைய கம்பைலரை நேராக ஓட்ட வழியே இல்லை.

இங்கேதான் டாஸ்பாக்ஸ் கை கொடுக்கிறது. பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் ஆரம்பித்த இலவச சாஃப்ட்வேர். முதல் பதிப்பு 2002-ல் வந்தது. பழைய டாஸ் கேம்ஸை மறுபடி ஆடத்தான் இதைச் செய்தார்கள். ஒரு பழைய பி.சி-யின் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் சாஃப்ட்வேரிலேயே நடித்துக் காட்டுகிறது. டர்போ சி-க்குத் தான் இன்னும் தொண்ணூறுகளில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பு. பாவம், யாரும் அதனிடம் உண்மையைச் சொல்வதில்லை.

ஆக, ஜன்னலைப் பெரிதாக்க டர்போ சி-யின் ஆப்ஷன்ஸ் மெனுவில் தேடுவது வீண். வீட்டு ஓனரைப் பாருங்கள். ஓனர் பெயர் டாஸ்பாக்ஸ்.

இழுத்தா ஏன் வரலை?

உங்கள் எடிட்டர் ஓடுவது 80 எழுத்து அகலம், 25 வரி உயரம் கொண்ட டெக்ஸ்ட் மோடில். டாஸ்பாக்ஸ் 0.74-ல் இதற்கு வரும் ஜன்னல் 640×400 பிக்ஸல். அந்தக் கால மானிட்டரே 640×480 என்றால், ஜன்னல் கிட்டத்தட்ட முழுத்திரை. இன்றைய 1920×1080 திரையில் அதே ஜன்னல் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஜன்னல் சுருங்கவில்லை, சுற்றியிருக்கும் சுவர்தான் வளர்ந்துவிட்டது!

சரி, இழுத்துப் பெரிதாக்கலாமே? 0.74 வரிசைப் பதிப்புகளில் அந்த வசதி இல்லை. ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று ஆரம்பத்திலேயே செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து முடிவு செய்துவிடும். அப்புறம் மவுஸால் கெஞ்சினாலும் மசியாது. எனவே, ஃபைலுக்குள் போகத்தான் வேண்டும்.

எந்த ஃபைல்? அதுதான் மேட்டரே!

நூற்றுக்குப் பாதிப் பேர் சறுக்கும் இடம் இது என்று சொல்லலாம். செட்டிங்கைச் சரியாகத்தான் மாற்றுவார்கள். ஆனால் மாற்றியது வேறு ஃபைலாக இருக்கும்!

சாதாரணமாக இன்ஸ்டால் செய்திருந்தால் ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸ் ஃபோல்டருக்குள் 'ஆப்ஷன்ஸ்' என்று ஒரு ஷார்ட்கட் இருக்கும். தட்டினால் செட்டிங்ஸ் ஃபைல் நோட்பேடில் திறக்கும். ஆனால் கவனிக்க வேண்டிய கண்ணிவெடிகள் நாலு:

1. டாஸ்பாக்ஸ் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்புகிறதோ, அங்கே 'டாஸ்பாக்ஸ் டாட் கான்ஃப்' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஆப்ஷன்ஸில் மாற்றியதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

2. பென் டிரைவில் கைமாறி வரும் 'ரெடிமேட்' டர்போ சி பேக்கேஜ்கள் தனியாக ஒரு டாஸ்பாக்ஸையும், அதற்கென்று தனி செட்டிங்ஸ் ஃபைலையும் பெரும்பாலும் சேர்த்தே கொண்டுவரும். அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

3. ஃபைல் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். 0.74-லிருந்து 2019-ல் வந்த 0.74-3-க்கு மாறினால் புது ஃபைல் பிறக்கும். பழைய ஃபைலில் செய்த மாற்றம் எல்லாம் பழைய வீட்டிலேயே தங்கிவிடும்.

4. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பெயருக்குப் பின்னால் ரகசியமாக ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டாஸ்பாக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது.

எந்த ஃபைலைப் படிக்கிறது என்று ஊகிக்கவே வேண்டாம். டாஸ்பாக்ஸ் திறக்கும்போது பின்னாடி கறுப்பாக இன்னொரு ஜன்னல் வருமே, 'எதுக்குடா இது'ன்னு நீங்கள் மினிமைஸ் பண்ணுவீர்களே, அதைத்தான் பார்க்க வேண்டும். அதில் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், எந்த ஃபைல் என்று முழு முகவரியும் சொல்லும். நீங்கள் தப்பாக ஏதாவது எழுதியிருந்தால், 'இது சரியான மதிப்பு இல்லை' என்றும் அங்கேயே புலம்பியிருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஃபைல் கிடைத்ததா? கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கடைசியில் 'ஆட்டோஎக்ஸெக்' என்ற பகுதியில் டிரைவை மவுன்ட் செய்யும் வரிகள் இருக்கும். அது தொலைந்தால் டர்போ சி-யே வராது. லேப் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி அது தேவையா?

ரெண்டு வரி வைத்தியம்

ஃபைலின் மேலே சதுர அடைப்புக்குறிக்குள் 'எஸ்டிஎல்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே ஹாஷ் குறியோடு தொடங்கும் வரிகள் நிறைய வரும். அவை வெறும் விளக்கம். அங்கே போய் நம்பரை மாற்றிவிட்டு 'வரலையே'ன்னு புலம்பாதீர்கள். ஹாஷ் இல்லாத வரிகள் கொஞ்சம் கீழே இருக்கும். அதில் நமக்கு வேண்டியது ரெண்டு:

விண்டோரெசல்யூஷன்=ஒரிஜினல்

அவுட்புட்=சர்ஃபேஸ்

முதல் வரி ஜன்னல் அளவு. 'ஒரிஜினல்' என்றால் உள்ளே ஓடும் புரோகிராம் கேட்கும் அளவிலேயே விடு என்று அர்த்தம். இதை எடுத்துவிட்டு உங்களுக்கு வேண்டிய அளவைப் போடுங்கள், உதாரணமாக 1280×960. ஃபைலில் பெருக்கல் குறி போடக் கூடாது, ஆங்கில சின்ன 'எக்ஸ்' எழுத்து. நடுவில் இடைவெளியும் வேண்டாம்.

சேவ் பண்ணி, மறுபடி திறந்து பார்க்கிறீர்கள். அதே தபால்தலை!

ஏன்? இரண்டாவது வரிதான் வில்லன். 'சர்ஃபேஸ்' என்ற முறையில் டாஸ்பாக்ஸ் படத்தை வரைந்து அப்படியே திரையில் வைக்கும். ஹார்டுவேர் உதவியோடு பெரிதாக்கும் திறமை அதற்குக் கிடையாது. எனவே நீங்கள் கொடுத்த நம்பரைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். விளக்க வரியிலேயே 'சர்ஃபேஸில் இது வேலை செய்யாது' என்று எழுதித்தான் இருக்கிறது. நாம்தான் ஹாஷ் வரியைப் படிப்பதே இல்லையே!

எனவே அவுட்புட்டை 'ஓபன்ஜிஎல்' என்று மாற்றுங்கள். இப்போது கிராபிக்ஸ் கார்டு படத்தை இழுத்துப் பெரிதாக்கித் தரும். எழுத்து கொஞ்சம் மழுப்பலாகத் தெரிந்தால் 'ஓபன்ஜிஎல்என்பி' போடுங்கள். மென்மையாக்கும் வேலையைச் செய்யாமல் பிக்ஸலை அப்படியே கறாராகக் காட்டும். லேப் மெஷினில் கிராபிக்ஸ் டிரைவர் சரியில்லாமல் ஓபன்ஜிஎல் மக்கர் பண்ணினால் 'டிடிரா' முயலலாம்.

எதுவுமே ஒத்துவரவில்லையா? சர்ஃபேஸையே வைத்துக்கொண்டு, 'ரெண்டர்' பகுதியில் ஸ்கேலர் வரியில் 'நார்மல்2எக்ஸ் ஃபோர்ஸ்டு' என்று போடுங்கள். 640×400 அப்படியே இரட்டிப்பாகி 1280×800 ஆகிவிடும். 'ஃபோர்ஸ்டு' என்ற சொல்லை விட்டுவிட்டால் டெக்ஸ்ட் மோடுக்கு அது அசையாது. சின்ன ரெசல்யூஷன் கேம்ஸுக்கு மட்டும்தான் அசையும்.

எந்த நம்பர் போடுறது?

'பக்கத்து ரூம் பையன் 1280×960 போட்டான், எனக்கு அடிப்பாகம் வெட்டுதே!' சார், அவன் திரை வேற, உங்க திரை வேற. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பயப்படாதீங்க, எம்-1 பேப்பர் மாதிரி இல்லை.

நீங்கள் தருவது ஜன்னலின் அளவு அல்ல, ஒரு பெட்டியின் அளவு. அந்தப் பெட்டிக்குள் படம் விகிதம் மாறாமல் எவ்வளவு பெரிதாக அடங்குமோ, அவ்வளவு பெரிதாக்கும். டெக்ஸ்ட் மோட் 640×400. 1280×960 பெட்டிக்குள் அது 1280×800 ஆக வரும். கிராபிக்ஸ் புரோகிராம் எழுதி 'இனிட்கிராஃப்' கூப்பிட்டால், வழக்கமாக 640×480 மோடுக்குப் போகும். அது அதே பெட்டிக்குள் 1280×960 ஆகும். இரண்டுமே சரியாக இரண்டு மடங்கு. அதனால் எழுத்தும் பளிச். வட்டம் வரையும் புரோகிராமை ரன் செய்ததும் ஜன்னல் குதித்து உயரமாவது ஏன் என்பதும் புரிந்திருக்குமே? அது வைரஸ் இல்லை, மோட் மாற்றம்!

முழு ஹெச்டி திரையில் இந்த 1280×960 நிம்மதியாக அடங்கும். ஆனால் 1366×768 திரை வைத்திருப்பவர்களுக்கு? உயரம் 768. அதில் டாஸ்க்பாருக்கு 40 போகும். ஜன்னலின் தலைப்பட்டைக்கு ஒரு 30 போகும். மிச்சம் 700-க்கும் கீழே. அப்போ 900×675 போடுங்கள். டெக்ஸ்ட் மோட் 900×562 அளவில் வரும், கிராபிக்ஸ் மோட் 900×675. திரையில் வலது பக்கம் இன்னும் 466 பிக்ஸல் மிச்சம். லேப் மேனுவல் பி.டி.எஃப் அங்கே ஜம்முனு உட்காரும்.

ஜன்னல் இப்படிக் குதிப்பதே பிடிக்கவில்லையா? 'ரெண்டர்' பகுதியில் ஆஸ்பெக்ட் என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். 640×400 படத்தைப் பழைய மானிட்டரின் 4:3 விகிதத்துக்கு நீட்டிவிடும். இரண்டு மோடும் ஒரே அளவில் நிற்கும். ஆனால் ஒன்று, உயரம் முழு மடங்கில் பெரிதாகாததால் எழுத்தின் கோடுகள் கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் தெரியலாம். பளிச்சா, நிலையா? உங்கள் சாய்ஸ்.

நம்பர் சரி, ஆனா வெளியே வழியுதே?

கணக்கெல்லாம் சரி. ஆனாலும் ஜன்னல் திரையைத் தாண்டிப் போகிறது, எழுத்தும் பனிமூட்டத்தில் தெரிகிற மாதிரி இருக்கிறது என்றால் இன்னொரு ஆளைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் டிஸ்ப்ளே ஸ்கேலிங்.

சின்ன லேப்டாப்பில் முழு ஹெச்டி திரை இருந்தால் எல்லாமே பொடியாகத் தெரியும். அதனால் விண்டோஸ் 125 அல்லது 150 சதவிகிதம் என்று தானே பெரிதாக்கி வைத்திருக்கும். பழைய புரோகிராம்களுக்கு இந்த விஷயமே தெரியாது. நீங்கள் 1280×960 கேட்பீர்கள். டாஸ்பாக்ஸ் கொடுக்கும். விண்டோஸ் அதையும் 150 சதவிகிதம் ஆக்கி 1920×1440 ஆகத் திரையில் வைக்கும். உயரம் 1080 உள்ள திரையில் 1440 எப்படி அடங்கும்? பிதுங்கத்தான் செய்யும்.

வைத்தியம்: டாஸ்பாக்ஸ் எக்ஸிஇ ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். காம்பேட்டபிலிட்டி டேபில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. உள்ளே 'ஓவர்ரைடு' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து, கீழே 'அப்ளிகேஷன்' தேர்ந்தெடுங்கள். 'நீ தலையிடாதே, அது பார்த்துக்கும்' என்று விண்டோஸுக்குச் சொல்வதுதான் இது. இப்போது ஒரு பிக்ஸல் என்றால் ஒரு பிக்ஸல்.

எங்கே வைப்பது?

அளவு முடிந்தது. அடுத்தது இடம். திறக்கும்போதெல்லாம் ஜன்னல் தனக்குத் தோன்றிய இடத்தில் வந்து உட்காருகிறது. நீங்கள் தினமும் இழுத்து ஓரமாக வைக்கிறீர்கள். செட்டிங்ஸ் ஃபைலில் 'பொசிஷன்' என்று தேடினால்... 0.74-ல் அப்படி ஒரு வரியே கிடையாது! நீங்களாக ஒன்று எழுதி வைத்தாலும் பயன் இல்லை.

காரணம் சுவாரஸ்யமானது. ஜன்னல் திறக்கும் வேலையை டாஸ்பாக்ஸ் தானே செய்வதில்லை. எஸ்டிஎல் என்ற லைப்ரரியிடம் விட்டுவிடுகிறது. சாம் லான்டிங்கா 1998-ல் ஆரம்பித்த லைப்ரரி அது. செட்டிங்ஸ் ஃபைலின் முதல் தலைப்புக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். டாஸ்பாக்ஸ் 0.74 பயன்படுத்துவது அதன் பழைய 1.2 பதிப்பு. அது ஜன்னலின் இடத்தை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் இருந்து படிக்கும். அதாவது ஓனரிடம் கேட்டுப் பயனில்லை, வாட்ச்மேனிடம் சொல்லணும்!

நோட்பேடில் இரண்டு வரி எழுதி 'டாட் பேட்' என்று முடியும் பெயரில் சேவ் செய்யுங்கள். முதல் வரி:

செட் எஸ்டிஎல்_வீடியோ_விண்டோ_பாஸ்=10,40

வேரியபிளின் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர். கடைசிச் சொல் 'பொசிஷன்' என்பதன் முதல் மூன்று எழுத்து. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டாம். முன்னால் விட்டால் அந்த இடைவெளியும் பெயரில் சேர்ந்துவிடும். முதல் எண் இடமிருந்து, இரண்டாவது எண் மேலிருந்து. சுத்தமாக 0,0 போட்டால் தலைப்பட்டை திரைக்கு மேலே ஒளிந்துகொள்ளலாம், கொஞ்சம் இடம் விட்டே போடுங்கள்.

இரண்டாவது வரியில் டாஸ்பாக்ஸ் எக்ஸிஇ இருக்கும் முழு முகவரியை டபுள் கோட்ஸுக்குள் கொடுங்கள். இனிமேல் இந்த பேட் ஃபைலைத்தான் தட்ட வேண்டும். பழைய ஐகானைத் தட்டினால் இந்தச் செய்தி எஸ்டிஎல்லுக்குப் போகாது. 'நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்கு வரலை' என்று புலம்புகிறவர்கள் முதலில் எந்த ஐகானைத் தட்டினோம் என்று பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இதே வேரியபிள் உண்டு. ஆனால் கடைசி முடிவு விண்டோ மேனேஜர் கையில். வேலண்டில் ஒரு ஜன்னல் தன் இடத்தைத் தானே முடிவு செய்ய அனுமதியே இல்லை. நீங்கள் தப்பு செய்யவில்லை, விட்டுத்தள்ளுங்கள்.

ஜன்னலையே காணோமே!

டிபார்ட்மென்ட் சிம்போசியம். புரொஜெக்டரில் டெமோ காட்ட இடத்தை 1400,50 என்று கொடுத்திருந்தீர்கள். ஜன்னல் நேராக இரண்டாவது திரையில் போய் விழுந்தது, கைதட்டல் எல்லாம் வாங்கியாச்சு. ரூமுக்கு வந்து திறக்கிறீர்கள். டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை!

ஜன்னல் இன்னும் அங்கேயே, இல்லாத திரையில், நின்றுகொண்டிருக்கிறது. டாஸ்க்பார் ஐகானை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். 'மூவ்' தேர்ந்தெடுங்கள். கீபோர்டில் ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் ஜன்னல் மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு பேட் ஃபைலில் நம்பரை மாற்றுங்கள்.

உயிர் காக்கும் ஒரு டிப்ஸ்!

இது ஜன்னல் அளவு சம்பந்தப்பட்டது இல்லை. ஆனால் ஜன்னலே காணாமல் போகிற மேட்டர் என்பதால் சொல்லியே ஆகணும்.

டர்போ சி-யில் புரோகிராமை ரன் செய்ய கன்ட்ரோல் + எஃப்9. எல்லோருக்கும் கை தானாகப் போகும். டாஸ்பாக்ஸிலும் அதே கன்ட்ரோல் + எஃப்9-க்கு ஒரு அர்த்தம் உண்டு. என்ன தெரியுமா? 'கடையை மூடு!' ஒரு கேள்வி கேட்காது, சேவ் பண்ணட்டுமா என்று விசாரிக்காது. நீங்கள் அடித்த எண்பது வரி லிங்க்டு லிஸ்ட் புரோகிராம் அப்படியே காற்றில் போகும்.

தப்பிக்க வழி: டாஸ்பாக்ஸ் திறந்ததும், டர்போ சி-க்குள் போகும் முன், கன்ட்ரோல் + எஃப்1 அழுத்துங்கள். கீபோர்டு படம் ஒன்று வரும். அதில் 'ஷட்டவுன்' என்ற பட்டனைத் தட்டி, 'டெல்' அழுத்தி, 'சேவ்' செய்து, 'எக்ஸிட்' கொடுங்கள். கதம் கதம். அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்தால் ஆல்ட் + ஆர் அழுத்தி ரன் மெனு வழியாகவே போங்கள். எங்கே உட்கார்ந்தாலும் ரன் செய்யும் முன் எஃப்2 தட்டி சேவ். இது மூன்று வேளை சாப்பாடு மாதிரி, தவறவே கூடாது.

புது வீடு வேணுமா?

இத்தனை வேலையும் வேண்டாம் என்பவர்களுக்கு டாஸ்பாக்ஸின் வாரிசுகள் இருக்கிறார்கள். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் ஒன்று, டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் இன்னொன்று. இரண்டிலும் ஜன்னலை மூலையைப் பிடித்து இழுக்கலாம். இடத்தைச் சொல்ல செட்டிங்ஸ் ஃபைலிலேயே வரி இருக்கிறது. அதை அப்படியே 0.74-ன் ஃபைலில் காப்பி அடித்து வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று கேட்டால், அது பக்கத்து வீட்டு சாவியால் நம்ம வீட்டைத் திறக்கிற கதை.

வீட்டையே மாற்றினால் என்ன என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஜிசிசி மாதிரி இன்றைய கம்பைலர் போட்டுக்கொண்டால் டாஸ்பாக்ஸே தேவையில்லை. 'கோனியோ' ஹெடரும், 'வாய்டு மெயினும்' இன்டர்வியூ டேபிளில் எடுபடாது. அதனால் ரூமில் புதுசைப் பழகுங்கள். லேபில் எது கொடுத்திருக்கிறார்களோ, அதிலும் கை நடுங்காமல் உட்காருங்கள். எக்ஸ்டர்னல் முன்னாடி நிற்கும்போது கம்பைலரின் வயசைப் பற்றி விவாதம் பண்ண முடியாது பாருங்க.

பர்ஸில் வைக்க ஒரு சீட்டு

* அளவு மாறவே இல்லையா? கறுப்பு ஜன்னலில் எந்த ஃபைல் என்று பாருங்கள். அடுத்து அவுட்புட் இன்னும் சர்ஃபேஸில் இருக்கிறதா பாருங்கள்.
* அடிப்பாகம் வெட்டுகிறதா? திரை உயரத்தில் 70 பிக்ஸல் கழித்து, அதற்குள் அடங்கும் 4:3 பெட்டியைப் போடுங்கள்.
* மங்கலாக, கேட்டதைவிடப் பெரிசாக வருகிறதா? டிபிஐ ஸ்கேலிங்.
* இடம் மாறவில்லையா? பேட் ஃபைல் வழியாகத் திறந்தீர்களா? சமக்குறி பக்கத்தில் இடைவெளி இருக்கிறதா?
* ஆளே காணோமா? ஷிஃப்ட் + ரைட் கிளிக், மூவ், அம்புக்குறி.
* எல்லாம் சொதப்பிவிட்டதா? ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு டாஸ்பாக்ஸைத் திறந்தால் புதுசாக ஒரு ஃபைல் பிறக்கும். மவுன்ட் வரிகளை மட்டும் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு வரிதான் மாற்ற வேண்டும். அஞ்சு வரியை ஒரே அடியில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. இது டாஸ்பாக்ஸுக்கு மட்டும் இல்லை. நாளைக்கு கம்பெனியில் ஆயிரம் வரி கோடில் பிழை தேடும்போதும் இதேதான்.

மணி இப்போ பன்னிரண்டு தாண்டியிருக்கும். ஜன்னல் பெரிசாச்சு. பக்கத்தில் லேப் மேனுவல். செமிகோலன் எது, கோலன் எது என்று தெளிவாகத் தெரிகிறது. புரோகிராம் ஓடுகிறது. அவுட்புட்டை நீங்களே பார்த்து, நீங்களே ரெக்கார்டில் எழுதுகிறீர்கள். விங்கில் உங்களைத் தவிர எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் கண்ணை இடுக்கிக்கொண்டு உங்கள் ரூம் கதவைத் தட்டுவான். பென் டிரைவில் ஃபைலைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வரி, ஏன் என்று ஒரு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுங்கள். 'அது அப்படித்தான்டா' என்ற டயலாக் உங்கள் பேட்சோடு முடியட்டும்!